ரெட்வுட் காட்டுக்குள் பத்து மைல்: நியூட்டன் பி. ட்ரூரி பார்க்வேக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் வடகோடியில் 101 ஹைவேயைப் பிடித்துப் போனால், ஓரிக் என்ற சின்ன ஊரைத் தாண்டிச் சில மைலில் பாதை இரண்டாகப் பிரியும். நேரே போகும் அகலமான சாலை மலைமேல் ஏறி மறுபக்கம் இறங்கும். லாரிகள் எல்லாம் அதில்தான் போகும். எக்ஸிட் 753இல் இறங்கினால் பழைய இருவழிச் சாலை ஒன்று உங்களைக் காட்டுக்குள் கூட்டிப் போகும். அதுதான் நியூட்டன் பி. ட்ரூரி சீனிக் பார்க்வே. நீளம் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். ப்ரெய்ரி க்ரீக் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவின் நடுவே ஓடி, வடக்கே எக்ஸிட் 765இல் மறுபடி 101இல் சேர்ந்துவிடும்.

எங்கும் நிறுத்தாமல் ஓட்டினால் அரை மணிக்குள் முடிந்துவிடும் சாலை இது. முதல்முறை நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். கண்ணாடி வழியாக அடிமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. பின்சீட்டில் இருந்த அம்மா கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தும் ஒரு மரத்தின் உச்சிகூடத் தெரியவில்லை. இந்த மரங்கள் காரின் ஜன்னலுக்குள் அடங்காது. அதன் பிறகு நான்கு முறை போய்விட்டேன். போகிறவர்களிடம் எல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்த 10 மைலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதில் கார் ஓட்டுவது அரை மணி. மீதி நேரம் இறங்கி நிற்பதற்கும் நடப்பதற்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரெட்வுட்டைச் சிலர் ‘செம்மரம்’ என்று எழுதுகிறார்கள். நமக்குச் செம்மரம் என்றால் ஆந்திரக் காடுகளில் வெட்டிக் கடத்தப்படுகிற மரம்; அது வேறு குடும்பம். இது ஊசியிலை மர வகை. உலகிலேயே உயரமாக வளரும் மர இனம் இதுதான். கலிஃபோர்னியாக் கடற்கரையை ஒட்டிய ஒரு குறுகலான பட்டையிலும், ஆரிகனின் தென்மூலையில் கொஞ்சமும்தான் இது தானாக வளர்கிறது. அதனால் நான் ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

எதற்கு இரண்டு சாலை?

இப்போது பார்க்வே என்று சொல்கிற இந்தச் சாலைதான் ஒரு காலத்தில் 101 ஹைவே. மரம் ஏற்றிய லாரிகளும் வெளியூர்க் கார்களும் இதே வழியாகத்தான் போய்வந்தன. போக்குவரத்து பெருகியதும், 1960களில், இங்கே ஒரு பெரிய ஃப்ரீவே போடலாம் என்ற பேச்சு வந்தது. காட்டின் நடுவே போடுவதா, மேற்கே கடற்கரை ஓரமாகப் போடுவதா என்று திட்டங்கள் ஓடின. எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இன்று நாம் பார்க்கும் இடம் இருந்திருக்காது. அதைப் பலர் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் பூங்காவின் கிழக்கே மலைமேல் ஒரு பைபாஸ் போட்டு, 1990களின் தொடக்கத்தில் அதைத் திறந்தார்கள். லாரிகள் மேலே போயின. பழைய சாலை காட்டுக்கே திரும்பக் கிடைத்தது.

நியூட்டன் ட்ரூரி யார் என்பதும் இங்கேதான் வருகிறது. 1918இல் தொடங்கிய ‘சேவ் த ரெட்வுட்ஸ் லீக்’ என்ற அமைப்பை ஆரம்ப காலத்திலேயே பொறுப்பேற்று நடத்தியவர் அவர். நன்கொடை திரட்டி, மரக் கம்பெனிகளிடம் இருந்து காட்டைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கி, மாநிலப் பூங்காக்களாக மாற்றுவதுதான் அந்த அமைப்பின் வேலை. பிறகு 1940 முதல் 1951 வரை அமெரிக்க தேசியப் பூங்காக்களின் இயக்குநராக இருந்தார். அதற்கப்புறம் கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களுக்குத் தலைவரானார். வெட்டப்படாத பழைய ரெட்வுட் காடு இன்று மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதில் ஒரு பகுதிக்கு நடுவே போகும் சாலைக்கு அவர் பெயரை வைத்தது சரியான காரியம்.

எப்போது போகலாம்?

வருடம் முழுக்கப் போகலாம். கடல் பக்கத்தில் இருப்பதால் கோடையிலும் குளிர்தான். ஜூலையில் சாக்ரமெண்டோ பக்கம் வெயில் கொளுத்தும்போது இங்கே ஸ்வெட்டர் தேவைப்படும். கோடைக் காலையில் மூடுபனி கடலில் இருந்து ஏறி மரங்களுக்கு இடையே நிற்கும். பனி விலகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில்தான் போக வேண்டும். மழையில்லாத மாதங்களில் இந்த மரங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே அந்தப் பனிதான். இலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்கும். இலைகளே நேராகவும் ஈரத்தை உறிஞ்சும். மழையே பெய்யாத நாளில் மரத்தடியில் நிற்கும்போது தலையில் துளி விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மே, ஜூன் மாதங்களில் ரோடோடெண்ட்ரான் செடிகள் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இருந்து அக்டோபர் வரை எல்க் மான்களின் இணைசேரும் பருவம். ஆண் எல்க் கூவுவது விசில் ஊதுவது போலக் கேட்கும்; அவ்வளவு பெரிய உடம்பில் இருந்து இப்படி ஒரு மெல்லிய குரலா என்று இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை. ஆண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் பெய்யும் இடம். மழையில் இந்தக் காடு இன்னும் அழகு. ஆனால் பலத்த காற்றடிக்கும் நாளில் மட்டும் போகாதீர்கள். 200 அடி உயரத்தில் இருந்து விழும் கிளை ஒரு காரை நசுக்கிவிடும்.

இன்னொரு விஷயம், தெரியாமல் போனால் ஏமாற்றமாகிவிடும். அக்டோபர் முதல் மே வரை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பார்க்வேயில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். காரில் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும். சைக்கிள் இருந்தால் தவறவிடவே கூடாத நாள் அதுதான். 10 மைல் தார்ச்சாலை, வண்டிச் சத்தம் இல்லை, இரண்டு பக்கமும் ஆயிரம் வருட மரங்கள். கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். யுரீகாவிலோ ஆர்கேட்டாவிலோ ராத் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். வடக்கே கிரசண்ட் சிட்டியிலும் தங்கலாம். கூடாரம் போடுகிறவர்களுக்குப் பார்க்வேயிலேயே எல்க் ப்ரெய்ரி முகாம் இருக்கிறது. கோடையில் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்தால்தான் இடம் கிடைக்கும்.

பெட்ரோலை ஆர்கேட்டா அல்லது ட்ரினிடாட்டிலேயே நிரப்பிவிடுங்கள். பார்க்வேயில் பங்க் கிடையாது, கடை கிடையாது. போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வழிகாட்டும் ஆப் செய்யும் ஒரு வேலையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கிரசண்ட் சிட்டிக்கு வழி கேட்டால் அது உங்களை பைபாஸில் ஏற்றிவிடும். அதற்கு நிமிடக் கணக்குதான் முக்கியம். எங்களோடு இரண்டாவது காரில் வந்த நண்பர் குடும்பம் இப்படித்தான் மலைமேல் போய்விட்டது. சிக்னலும் இல்லாததால் அவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. போய்ச் சேரும் இடமாக, பார்க்வேயில் இருக்கும் ‘பிக் ட்ரீ வேசைட்’ என்ற நிறுத்தத்தைக் கொடுத்தால் ஆப் சரியாகக் காட்டுக்குள் கூட்டிப் போகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘அவென்யூ ஆஃப் த ஜயண்ட்ஸ்’ என்று ஒரு சாலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் பழைய 101தான், அதுவும் ரெட்வுட் காட்டுக்குள்தான். ஆனால் அது யுரீகாவுக்குத் தெற்கே, ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் இருக்கிறது; நீளம் 31 மைல். வழியில் இரண்டுமே வருவதால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வழியில் ஊர்களும் கடைகளும் வரும். இங்கே காடு மட்டும்தான். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ட்ரூரி பார்க்வேயைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பார்க்வேயில் ஓட்டுவதற்குக் கட்டணம் இல்லை. முகாம் பக்கத்தில் இருக்கும் பகல்நேர இடத்தில் வண்டி நிறுத்தினால் கட்டணம் கட்ட வேண்டும். லாரி மாதிரியான வணிக வண்டிகளுக்கு அனுமதி இல்லை, ஆர்வி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) போகலாம். எடுத்துப் போக வேண்டியவை: தண்ணீர், மழைக் கோட்டு, ஈரத்தில் வழுக்காத ஷூ, எடுத்த குப்பையைக் கட்டிக் கொண்டுவர ஒரு பை.

முதல் நிறுத்தம்: புல்வெளி

தெற்கில் இருந்து நுழையுங்கள். அதற்குக் காரணம் உண்டு. எக்ஸிட்டில் இறங்கிய ஒரு மைலுக்குள் இடது பக்கம் பெரிய புல்வெளி விரியும். அதன் ஓரத்தில் மதில் எழுப்பினதுபோல ரெட்வுட் நிற்கும். வெட்டவெளியில் இருந்து அந்த மதிலைப் பார்த்துவிட்டு அதற்குள் நுழையும்போதுதான் மரங்களின் உயரம் மனதில் பதியும். வடக்கில் இருந்து வந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

இந்தப் புல்வெளிக்குப் பெயர் எல்க் ப்ரெய்ரி. ரூஸ்வெல்ட் எல்க் கூட்டம் பெரும்பாலும் இங்கே மேயும். ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவில் இவற்றை வேட்டையாடியே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்துக் காட்டில் பிழைத்துக் கிடந்த கூட்டத்தில் இருந்துதான் மறுபடி பெருகின. அதிகாலையும் சாயங்காலமும் பார்க்க நல்ல நேரம்.

பார்க்கும் முறை இதுதான். சாலையின் நடுவில் நிறுத்தாதீர்கள். ஓரத்தில் வண்டி ஒதுங்க இடம் விட்டிருக்கும், அங்கே முழுதாக ஒதுங்கி நிறுத்துங்கள். குறைந்தது 25 கெஜம், அதாவது 75 அடி தூரம் விட்டே நில்லுங்கள். முழு வளர்ச்சியடைந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். புல் மேய்கிற மிருகம்தானே என்று செல்ஃபி எடுக்கக் கிட்டே போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இணைசேரும் பருவத்து ஆணும், மே, ஜூனில் குட்டி போட்ட தாயும் எச்சரிக்கை கொடுக்காமலே பாயும். அது தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே மிகவும் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இந்த நிலம் யூரோக் மக்களின் பூர்வீக நிலம். சாலையோரப் பலகைகள் எல்லாம் 1923இல் பூங்கா தொடங்கியது, யார் நிலம் கொடுத்தார்கள் என்ற கணக்கைச் சொல்லும். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே யூரோக் மக்கள் விழுந்த ரெட்வுட்டைப் பிளந்து பலகை வீடு கட்டினார்கள், அடிமரத்தைக் குடைந்து படகு செய்தார்கள். இன்றும் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். 2022 மே மாதம் கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளை இந்த வானத்தில் மறுபடி பறக்கவிட்டது யூரோக் பழங்குடி அரசும் பக்கத்து ரெட்வுட் தேசியப் பூங்காவும் சேர்ந்துதான். புல்வெளியில் நிற்கும்போது தலைக்கு மேலேயும் ஒருமுறை பாருங்கள். சிறகில் எண் பட்டை கட்டிய பெரிய கறுப்புப் பறவை தெரிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

விசிட்டர் சென்டரும் சின்ன நடையும்

புல்வெளியின் வடக்கு முனையில் விசிட்டர் சென்டர். கழிவறைக்கு இங்கேயே போய்விடுங்கள். அன்றைக்கு எந்த ட்ரெயில் (நடைபாதை) மூடியிருக்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று ரேஞ்சரிடம் கேளுங்கள். போனில் தெரிவதைவிட அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஊரில் இருந்து வந்த பெற்றோரையோ குழந்தைகளையோ கூட்டி வந்திருந்தால் ரெவலேஷன் ட்ரெயில் இங்கிருந்தே தொடங்குகிறது. பார்வையற்றவர்களையும் மனதில் வைத்து அமைத்த பாதை. பிடித்து நடக்கக் கயிறும் மரக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். மேடு பள்ளம் இல்லை. முட்டிவலி இருக்கும் என் அம்மா இதை யார் உதவியும் இல்லாமல் நடந்தார். வழியில் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே வந்தார். கல்போல இருக்கும் என்று நினைத்துத் தொட்டால், தேங்காய் நார் போல மெத்தென்று இருக்கும். ஓர் அடி தடிமன் வரை இருக்கும் அந்தப் பட்டையும் அதில் ஊறிய டானின் என்ற துவர்ப்புச் சத்தும்தான் இந்த மரங்களைத் தீயில் இருந்தும் பூச்சியில் இருந்தும் காப்பாற்றுகின்றன.

நடக்க முடிந்தவர்களுக்கு: விசிட்டர் சென்டரில் காரை விட்டுவிட்டு ப்ரெய்ரி க்ரீக் ட்ரெயிலில் ஓடையோரமாகப் பிக் ட்ரீ வரை போய், கதீட்ரல் ட்ரீஸ் ட்ரெயில் வழியாகத் திரும்புங்கள். மொத்தம் சுமார் 3 மைல். ஏற்றம் அதிகமில்லை. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பூங்காவிலும் ஒரே ஒரு நடைதான் நடக்க முடியும் என்றால் இதையே நடங்கள்.

நடக்கும்போது கீழேயும் பாருங்கள். மரத்தடியில் பச்சைக் கம்பளம்போல மூன்று இலைச் செடி ஒன்று படர்ந்திருக்கும். நம்ம ஊர் வயல் வரப்பில் முளைக்கும் புளியாரையைத் தெரிந்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடும். இது அதன் நெருங்கிய உறவு, இலை மட்டும் பெரியது. இதற்கு நிழல்தான் வாழ்க்கை. கிளைகளுக்கு நடுவே இருந்து வெயில் ஒரு கீற்று நேராக மேலே விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று இலையும் குடைபோல மடங்கிவிடும். வெயில் நகர்ந்ததும் திரும்ப விரியும். ஒரு வெயில் திட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் உயரமான மரங்களைவிட இதைத்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள். பறித்து வாயில் போட்டுப் பார்க்கத் தோன்றும். பூங்காவில் செடி பறிக்க வேண்டாம்.

அதே தரையில் மஞ்சளாக, விரல் நீளத்தில் ஓடில்லாத நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். வாழைப்பழ நத்தை என்றே பெயர். மிதித்துவிடாமல் நடங்கள்.

பிக் ட்ரீ

விசிட்டர் சென்டரில் இருந்து ஒரு மைல் வடக்கே, வலது பக்கம் பிக் ட்ரீ வேசைட். காரை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் நடந்தால் மரத்தின் முன்னால் நிற்கலாம். உயரம் 286 அடி, அடிமரத்தின் குறுக்களவு 23.7 அடி, வயது சுமார் 1,500 ஆண்டு என்று பலகை சொல்லும்.

முன்பெல்லாம் இதன் அடிவரை போய்க் கட்டிப்பிடித்துப் படமெடுப்பார்கள். இப்போது மேடை போட்டு, தள்ளி நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். வருத்தப்பட வேண்டாம். ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. சில அடி ஆழத்திலேயே வேர்கள் பக்கவாட்டில் பரவி, பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டுதான் மரம் நிற்கிறது. நாளுக்கு ஆயிரம் கால்கள் மிதித்து மண் இறுகினால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. மேடையில் நின்று பார்ப்பதுதான் மரத்துக்கு நாம் செய்யும் உபகாரம்.

இதே காரணத்துக்காகத்தான் ஹைபீரியன் மரத்தைத் தேடிப் போகாதீர்கள் என்றும் சொல்கிறேன். 2006இல் கண்டுபிடித்த, சுமார் 380 அடி உயரமுள்ள, உலகிலேயே உயரமான மரம் அது. பக்கத்துத் தேசியப் பூங்காவில் பாதையே இல்லாத இடத்தில் இருக்கிறது. இணையத்தில் இருப்பிடம் கசிந்ததும் கூட்டம் கூட்டமாகப் போய் அடியில் இருந்த செடிகொடியையே மிதித்து அழித்துவிட்டார்கள். 2022இல் அந்த இடத்தை மூடினார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். உண்மையைச் சொன்னால், அடியில் நிற்கும்போது 286 அடிக்கும் 380 அடிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அதற்கு வடக்கே

பிக் ட்ரீயோடு பெரும்பாலான கார்கள் திரும்பிவிடும் அல்லது வேகமெடுத்துவிடும். பார்க்வேயின் நல்ல பகுதி அதற்கப்புறம்தான் வருகிறது. மரங்கள் சாலையின் விளிம்பிலேயே நிற்கும். சில இடங்களில் தாரும் பட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும். பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓட்டுங்கள். நிழலும் வெயிலும் மாறி மாறி வருவதால் எதிரே வரும் வண்டியோ சைக்கிளோ கடைசி நொடி வரை கண்ணில் படாது. பின்னால் வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள்.

இந்தப் பகுதியில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நிறுத்தத் தேவையில்லை. கார்க்ஸ்க்ரூ ட்ரீ என்று ஒன்று இருக்கிறது, பல தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலே போகும். சின்ன ஒதுக்கிடமும் பெயர்ப்பலகையும் உண்டு. மற்றபடி ஆள் இல்லாத ஏதாவது ஒரு ஒதுக்கிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்காது. அப்புறம் ஓடைச் சத்தம் கேட்கத் தொடங்கும். பிறகு மிக உயரத்தில் காற்று போவது, கடல் அலைபோலக் கேட்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஓர் இலைகூட அசையாது. நான் இந்தச் சாலைக்குத் திரும்பத் திரும்பப் போவது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

பழைய மரங்களின் அடியில் சில இடங்களில் ஓர் அறை அளவுக்குப் பொந்து இருக்கும். காட்டுத்தீ குடைந்த பொந்து. மரம் அதோடேயே நூற்றாண்டுகளாகப் பச்சையாக நிற்கிறது. முன்பு குடியேறியவர்கள் இவற்றில் வாத்து அடைத்து வளர்த்ததால் ‘கூஸ் பென்’ என்று பெயர் வந்ததாம். பாதையை ஒட்டி இருந்தால் உள்ளே தலையை நீட்டிப் பாருங்கள், கரி இன்னும் சுவரில் இருக்கும்.

ஓட்டுவதில் நல்ல பழக்கம் இருந்தால், விசிட்டர் சென்டருக்குச் சற்று வடக்கே வலது பக்கம் பிரியும் கால்-பேரல் ரோடு என்ற மண்சாலையையும் பார்க்கலாம். சுமார் 3 மைல், ஒரு வண்டி போகும் அகலம்தான். ஆர்வியும் ட்ரெய்லரும் கூடாது. மழைக்காலத்தில் மூடியிருக்க வாய்ப்புண்டு.

சாப்பாடும் பறவையும்

நம்மவர்கள் எங்கே போனாலும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவோம், நல்லதுதான். ஆனால் இந்தக் காட்டில் சாப்பிடுவதற்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. கண்ட இடத்தில் பிரிக்காதீர்கள். விசிட்டர் சென்டர் பக்கத்தில் இருக்கும் மேஜைகளில் சாப்பிடுங்கள். ஒரு பருக்கை, ஒரு சிப்ஸ் துண்டுகூடக் கீழே விடாமல் பொறுக்கிவிடுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பறவையின் கதை இருக்கிறது. மார்பிள்ட் மரலெட் என்பது கடலில் மீன் பிடித்து வாழும் சின்னப் பறவை. ஆனால் முட்டையிட மட்டும் இந்தப் பழைய மரங்களுக்கு வரும். கூடு கட்டாது. உயரத்தில், பாசி படிந்த ஒரு தடித்த கிளையில் ஒரே ஒரு முட்டை. அவ்வளவு தடித்த கிளை இளமரங்களில் கிடையாது. பழைய காடு போனால் அந்தப் பறவையும் போய்விடும். இப்போதே அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. நாம் சிந்தும் சாப்பாட்டுக்காக ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் காட்டுக்குள் கூடுகின்றன. சாப்பாடு தீர்ந்ததும் அவை மேலே தேடும்; அந்த ஒற்றை முட்டையைத் தின்றுவிடும். நீலப் பறவை மேஜைக்கே வந்து தலையைச் சாய்த்துக் கேட்கும், அழகாக இருக்கும், குழந்தைகள் கொடுக்கத் துடிப்பார்கள். கொடுக்க விடாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். கரடிகளும் உண்டு என்பதால் முகாமில் தங்குகிறவர்கள் சாப்பாட்டை அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

மரத்தில் இருந்து எதையும் எடுக்கவும் கூடாது. சில ரெட்வுட்களின் அடியில் கழலைபோலப் புடைத்த முடிச்சு இருப்பதைப் பார்ப்பீர்கள். பர்ல் என்பார்கள். மரம் விழுந்தாலோ எரிந்தாலோ மறுபடி துளிர்க்க வேண்டிய மொட்டுகள் அதற்குள்தான் உறங்குகின்றன. மேஜைப் பலகைக்கும் அலங்காரச் சாமானுக்கும் விலைபோகும் என்பதால் இரவில் திருட்டுத்தனமாக அறுத்துக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்க 2014இல் இந்தப் பார்க்வேயையே இரவில் மூட வேண்டி வந்தது. மாலைக்கு மேல் இருக்க நினைத்தால் அன்றைய விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் பர்ல் சாமான் விற்கும் கடைகளைப் பார்த்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஃபெர்ன் கேன்யன் சேர்த்துப் போகலாமா?

பலரும் கேட்பது. அதே பூங்காதான், ஆனால் பார்க்வேயில் இருந்து காரில் நேர்வழி இல்லை. தெற்கே 101க்குத் திரும்பி டேவிசன் ரோடு என்ற மண்சாலையில் போக வேண்டும். குண்டும் குழியும், வழியில் ஓடை கடக்க வேண்டியிருக்கும். கோடையில் முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள். இருபக்கமும் 50 அடி உயரத்துக்குப் பெரணி மூடிய சுவர், நடுவே ஓடை, அதற்குள் கால் நனைய நடக்க வேண்டும். அவசியம் பார்க்க வேண்டிய இடம், ஆனால் அதற்கு இன்னொரு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். விசிட்டர் சென்டரில் இருந்து ஜேம்ஸ் இர்வைன் ட்ரெயில் வழியாக நடந்தும் போகலாம். போகவர 9 மைலுக்கு மேல். நாள் முழுக்க ஆகும்.

வடக்கு முனை

எக்ஸிட் 765இல் பார்க்வே முடிந்து 101இல் ஏறினால் சில மைலில் கிளமத் ஆறு. பெட்ரோல், சாப்பாடு அங்கே கிடைக்கும். நேரம் இருந்தால் ஆற்றைத் தாண்டி ரெக்வா ரோட்டில் ஏறி முகத்துவாரத்தைப் பாருங்கள். மேலே இருந்து ஆறும் கடலும் சேருவது முழுதாகத் தெரியும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சாம்பல் திமிங்கிலங்கள் அந்த வழியாகப் போகும். அங்கிருந்து கிரசண்ட் சிட்டிக்குப் போகிறவர்கள் லாஸ்ட் சான்ஸ் கிரேட் என்ற இடத்தில் தாமதத்தை எதிர்பாருங்கள். மலைச்சரிவு கடலை நோக்கி நழுவிக்கொண்டே இருப்பதால் சாலைவேலை அங்கே ஓய்வதே இல்லை.

தெற்கே திரும்புகிறவர்கள் பைபாஸைப் பிடிக்காமல் வந்த வழியிலேயே வாருங்கள். காலையில் முதுகு காட்டிய மரங்கள் இப்போது மாலை வெயிலில் முகம் காட்டும். ஐந்து மணிக்கு மேல் புல்வெளிக்கு வந்துவிட்டால், காலையில் காட்டுக்குள் படுத்திருந்த எல்க் கூட்டம் வெளியே வந்து மேய்ந்துகொண்டிருக்கும். அதற்கும் ஓர் அரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.